ஏரும் வாளும்: லால் பகதூர் சாஸ்திரியின் வாழ்வும் வழங்கிச் சென்றவையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் பொருட்பாலில் 'படைமாட்சி' 77ஆம் அதிகாரமாகவும், 'உழவு' 104ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. படையைப் பேசிய வள்ளுவர் உழவைப் பேச வருவதற்குள் இருபத்தாறு அதிகாரங்கள் கடந்து விடுகின்றன. இவ்விரண்டையும் ஒரே முழக்கத்தில் அடுத்தடுத்து நிறுத்திய தலைவர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் வாழ்ந்தார். 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்று 1965ஆம் ஆண்டின் போர்க்காலத்தில் லால் பகதூர் சாஸ்திரி எழுப்பிய குரல், வீரனையும் உழவனையும் ஒரே தட்டில் வைத்து வாழ்த்தியது.

இச்சிந்தனை தமிழ் மரபுக்குப் புதிதன்று. சோழன் கிள்ளிவளவனிடம் நிலவரியை நீக்கி வேண்டி நின்ற வெள்ளைக்குடி நாகனார், வேந்தனின் வெற்றி எங்கே விளைகிறது என்பதை அவனுக்கு எடுத்துரைத்த பாடல் புறநானூற்றில் 35ஆம் பாடலாக இடம்பெற்றுள்ளது. அதற்குத் துறை வகுத்தோர் 'செவியறிவுறூஉ' என்றனர். புலவன் அரசனின் செவியில் இட வேண்டிய அறிவுரையை அரசனே உணர்ந்து மக்களிடம் எடுத்துச் சொன்ன அரிய நிகழ்ச்சியாகச் சாஸ்திரியின் முழக்கத்தைக் கொள்ளலாம்.

ஆயினும், ஒரு முழக்கத்தைக் கொண்டு ஒரு தலைவரை அளந்துவிட இயலாது. சொன்ன சொல்லுக்கு அவர் எவ்வளவு பொறுப்பேற்றார், யாருடைய குரல் அவர் செவியை எட்டியது, யாருடைய குரல் எட்டவில்லை என்னும் வினாக்களை எழுப்பியே அவரை மதிப்பிட வேண்டும். தமிழருக்கு இவ்வினாக்களைக் கேட்கத் தனி உரிமையும் உண்டு. அவருடைய பொது வாழ்வின் திருப்புமுனைகள் பலவும் தமிழ் மண்ணோடும் தமிழ் மக்களோடும் பின்னிக் கிடக்கின்றன.

எளிமையின் வேர்

1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காசிக்கு அருகிலுள்ள முகல்சராயில் அவர் பிறந்தார். தந்தை சாரதா பிரசாத் ஆசிரியராக இருந்து பின்னர் எழுத்தர் பணிக்குச் சென்றவர். மகனுக்கு ஈராண்டு நிறையுமுன் அவர் மறைந்தார். தாய் ராம்துலாரி தம் பிறந்தகத்தின் ஆதரவில் பிள்ளையை வளர்த்தார். சாதியைச் சுட்டும் 'ஸ்ரீவாஸ்தவா' என்னும் பெயரொட்டை இளமையிலேயே அவர் துறந்தார். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பள்ளியை விட்டு வெளியேறினார். தேசியக் கல்விக்கென எழுந்த காசி வித்யாபீடத்தில் பயின்று 1925இல் பெற்ற பட்டமே 'சாஸ்திரி' என்பது. சாதியால் வந்த பெயரை விடுத்துக் கல்வியால் வந்த பெயரை அவர் சுமந்தார். பின்னாளில் பலர் அதனையே சாதிப் பெயரென்று எண்ணினர் என்பது காலத்தின் நகை.

லாலா லஜபதி ராய் தோற்றுவித்த மக்கள் ஊழியர் சங்கத்தில் வாழ்நாள் தொண்டராகச் சேர்ந்தார். 1928இல் லலிதா தேவியை மணந்தபோது, மணக்கொடையாக அவர் ஏற்றவை ஓர் இராட்டையும் சிறிது கதர்த் துணியுமே. விடுதலைப் போரில் பல முறை சிறை சென்று, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைக் கம்பிகளுக்குப் பின்னே கழித்தார். சிறையிலிருந்த நாட்களில் அறிவியலறிஞர் மேரி கியூரியின் வாழ்க்கை வரலாற்றை இந்தியில் பெயர்த்தார் என்பது, எழுத்தை நேசிக்கும் இவ்வவை அறியத்தக்க செய்தி.

அரியலூர் கேட்ட விலை

1952 முதல் நடுவண் அரசில் இரயில்வே அமைச்சராக விளங்கிய சாஸ்திரியின் பெயர் தமிழ் மண்ணில் ஆழப் பதிந்தது ஒரு துயரத்தின் வாயிலாக. 1956ஆம் ஆண்டு மகபூப்நகர் அருகே நேர்ந்த இரயில் விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அவர் பதவி விலக முன்வந்தார். நேரு அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டே நவம்பர் 23ஆம் நாள் விடியற்போதில், வெள்ளப் பெருக்கால் அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் சிதைய, தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் மீண்டும் பறிபோயின. சாஸ்திரி மறுபடியும் பதவி விலகல் கடிதம் அளித்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது.

பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். வெள்ளத்தை வரவழைத்தவரும் அவரல்லர். நேருவும் நாடாளுமன்றத்தில் இதனைத் தெளிவுபடுத்தி, அரசியலமைப்பு நெறிக்கு ஓர் எடுத்துக்காட்டு அமையட்டும் என்பதற்காகவே விலகலை ஏற்பதாக விளக்கினார். துறையின் தலைமையில் இருப்பவன் துறையின் பிழைக்கும் தலை கொடுக்க வேண்டும் என்பது சாஸ்திரியின் கொள்கை. பாண்டியன் நெடுஞ்செழியன் தன் அவையில் நிகழ்ந்த பிழையைத் தன் உயிரால் ஈடு செய்த கதையைக் காப்பியமாகப் போற்றும் மக்களுக்கு இக்கொள்கையின் பெருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அன்று அவருக்குத் துணையமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன். அவர் பெயரும் ஒன்பதாண்டுகளுக்குப் பின் சாஸ்திரியின் வாழ்வில் மீண்டும் ஒலிக்கவிருந்தது.

'லாம்' என்னும் விகுதி

1961இல் உள்துறை அமைச்சரான சாஸ்திரியின் கைவழியே 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் நாடாளுமன்றத்திற்கு வந்தது. 1965 சனவரி 26 முதல் இந்தி நடுவண் அரசின் ஆட்சிமொழியாகும். ஆங்கிலமும் அதற்குப் பின் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது அச்சட்டம். 'தொடரலாம்' என்பதற்கும் 'தொடர வேண்டும்' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாநிலங்களவையில் சுட்டிக்காட்டியவர் அறிஞர் அண்ணா. 'லாம்' என்பது இசைவு. 'வேண்டும்' என்பது கடப்பாடு. ஒரு நாட்டின் கோடிக்கணக்கான மக்களின் எதிர்காலம் ஒரு விகுதியில் ஊசலாடியது. இலக்கணம் வெறும் ஏட்டுக் கல்வி என்போர் அந்த ஆண்டுகளின் வரலாற்றை ஒருமுறை படித்தல் நலம்.

1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். காங்கிரசுத் தலைவராக விளங்கிய காமராசர் கருத்தொருமையை உருவாக்க, சூன் 9ஆம் நாள் சாஸ்திரி தலைமை அமைச்சர் பொறுப்பேற்றார். தமிழகம் ஈன்ற தலைவரின் கை அவரை அரியணையில் அமர்த்தியது. அதே தமிழகத்தின் கொந்தளிப்பே அவ்வரியணையை முதலில் அசைத்தது.

அரியலூர் வட்டாரத்தைச் சேர்ந்த கீழப்பழுவூர் சின்னசாமி 1964 சனவரி 25ஆம் நாள் திருச்சியில் தம் உடலுக்குத் தீயிட்டு மாண்டார். ஓராண்டு கழித்து, 1965 சனவரி இறுதியில் மாணவர்களின் மொழிப் போராட்டம் மாநிலமெங்கும் மூண்டது. கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளித்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். தில்லி முதலில் அசையவில்லை. பிப்ரவரி 11ஆம் நாள் நடுவண் அமைச்சர்களாகிய சி. சுப்பிரமணியமும் அழகேசனும் பதவி விலகக் கடிதம் கொடுத்தனர். அன்றிரவு சாஸ்திரி வானொலியில் பேசினார்.

மாநிலங்கள் தத்தம் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஆட்சி நடத்தலாம். மாநிலங்களுக்கிடையே நிகழும் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் இருக்கும், அல்லது ஆங்கில மொழிபெயர்ப்புடன் வரும். இந்தி பேசாத மாநிலங்கள் நடுவண் அரசுடன் ஆங்கிலத்தில் தொடர்பு கொள்ளலாம். நடுவண் அலுவல்களில் ஆங்கிலம் நீடிக்கும். அனைத்திந்தியப் பணித் தேர்வுகளும் ஆங்கிலத்தில் தொடரும். இவை அவ்வுரையின் சாரம். இவ்வுறுதிமொழிகளுக்குச் சட்ட வடிவம் கிடைத்தது அவர் மறைந்தபின், 1967இல் நிறைவேறிய திருத்தச் சட்டத்தில்தான்.

இவ்விடத்தில் நடுநிலையோடு இரண்டு உண்மைகளைப் பதிவு செய்தல் வேண்டும். சின்னசாமியின் தீயிலிருந்து வானொலி உரை வரை ஓராண்டுக்கு மேல் கடந்தது. மாண்டவர்களின் குரல் கேட்கப்படுவதற்கு முன் அவர்கள் மாள வேண்டியிருந்தது. இது அவருடைய ஆட்சியின் குறை. தம் கட்சியின் இந்தி வட்டார ஆதரவாளர் பலர் சினக்கக்கூடும் என்றறிந்தும், தாமே கொண்டுவந்த சட்டத்தின் 'லாம்' என்னும் சொல்லுக்கு 'வேண்டும்' என்னும் பொருளை நாடறியத் தந்தார். இது அம்மனிதரின் நிறை. சொன்னதை மாற்றுதல் தாழ்வென்று கருதும் தலைவர்கள் மலிந்த உலகில், மக்களின் துயர் கண்டு சொல்லைத் திருத்திக்கொள்ளும் தலைவர் அரியர்.

ஏர் முனையில் ஒரு படை

விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண்மைத் துறையில் நீடித்தார். தமிழுக்காகப் பதவியைத் துறக்க முன்வந்த அதே கை, நாட்டின் பசி நீக்கும் பணியில் தலைமை அமைச்சருக்கு உற்ற துணையாயிற்று. அன்றைய இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பி வாழ்ந்தது. பி.எல். 480 திட்டத்தின்கீழ்க் கப்பலேறி வந்த தானியத்தை அதிபர் லிண்டன் ஜான்சன் சிறிது சிறிதாகவே விடுவித்தார். பிறர் கையை எதிர்நோக்கி உண்ணும் நாடு பிறர் மிரட்டலுக்கும் அஞ்ச வேண்டியிருக்கும் என்பதைச் சாஸ்திரி உணர்ந்தார்.

இந்திய உணவுக் கழகம் 1965 சனவரி 14ஆம் நாள் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்த இடம் தஞ்சாவூர். சோழ வளநாட்டின் நெற்களஞ்சியம் நாட்டின் களஞ்சியத்திற்கு வாயிலாயிற்று. விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலைக்குழுவும் அவ்வாண்டே அமைந்தது. மெக்சிகோவின் குட்டைக் கோதுமை விதைகள் சோதனை வயல்களில் ஊன்றப்பட்டன. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் இம்முயற்சிக்கு அறிவியல் துணை நின்றார். 1966இல் 18,000 டன் விதை இறக்குமதியானது. பின்னர் 'பசுமைப் புரட்சி' எனப் பெயர் பெற்றதன் கால்கோள் இதுவே. அதன் விளைவாகிய நிலத்தடி நீர்க் குறைவும் வேதி உரப் பெருக்கமும் பிற்காலத்தில் கடும் விவாதத்திற்கு உள்ளாயின. ஆயினும் பசியால் வாடும் குழந்தையின் முன் நின்று அன்றைய முடிவை எடைபோடுதலே முறை.

பால் வளத்திலும் அவர் பார்வை சென்றது. 1964 அக்டோபர் இறுதியில் குசராத்தின் ஆனந்துக்குச் சென்ற அவர், அருகிலிருந்த சிற்றூரில் ஓர் இரவு தங்கி உழவர்களோடு உரையாடினார். உழவர்களே உரிமையாளராக விளங்கும் கூட்டுறவின் ஆற்றலை அங்கே கண்டுகொண்டார். வர்கீஸ் குரியனின் தலைமையில் தேசியப் பால்வள வாரியம் 1965இல் ஆனந்திலேயே தோன்றியது.

இருபத்திரண்டு நாட்கள்

1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டு, பிரிட்டனின் முயற்சியால் அடங்கியது. ஆகஸ்டுத் திங்களில் ஊடுருவற் படையினர் காசுமீரத்தில் புகுந்தனர். ஆகஸ்டு 28இல் ஹாஜி பீர் கணவாயை இந்தியப் படை கைப்பற்றியது. செப்டம்பர் முதல் நாள் பாகிஸ்தானின் டாங்கிப் படை சம்ப் பகுதியில் பாய்ந்து அக்னூரை நோக்கி முன்னேறியது. அக்னூர் வீழ்ந்தால் காசுமீரத்தின் உயிர்வழி அறுந்துவிடும். அந்நிலையில் பன்னாட்டு எல்லையைக் கடந்து இலாகூர் நோக்கிப் படை செலுத்தும் முடிவைச் சாஸ்திரி எடுத்தார். செப்டம்பர் 6ஆம் நாள் அது நிறைவேறியது. குறுகிய உருவமும் மென்குரலும் கொண்ட மனிதரின் நெஞ்சில் இத்துணிவு இருந்ததைக் கண்டு உலகம் வியந்தது.

அசல் உத்தர் களத்தில் கரும்பு வயல்களுக்கிடையே பாட்டன் டாங்கிகள் சிதைந்தன. அங்கே வீழ்ந்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. மதத்தின் பெயரால் பிரிந்த நாட்டோடு நிகழ்ந்த போரில், அம்மதத்தைச் சேர்ந்த இந்திய வீரன் இந்தியாவிற்காக உயிர் ஈந்தமை இந்நாட்டின் அடிப்படைக் கொள்கைக்குச் சான்றாகி நின்றது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானத்தை ஏற்றுச் செப்டம்பர் 23ஆம் நாள் போர் நின்றது. இந்தியத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 3,000 வீரர்கள் மாண்டனர்.

போர் நாட்களில் வறட்சியும் சேர்ந்தது. திங்கட்கிழமை மாலை உணவைத் தவிர்க்குமாறு அவர் நாட்டு மக்களை வேண்டினார். அதற்குமுன் தம் இல்லத்தில் மனைவி மக்களோடு அதனைக் கடைப்பிடித்துப் பார்த்தார். தம் மாளிகைத் தோட்டத்தின் புல்வெளியை உழுது பயிரிட்டார். பிறர்க்குச் சொல்லுமுன் தாம் செய்து பார்த்த சொல்லாகையால், அது மக்கள் நெஞ்சில் தைத்தது. உணவு விடுதிகள் திங்கள் மாலைகளில் கதவடைத்தன. ஏழு மாதங்களுக்கு முன் தில்லியை எதிர்த்துத் தெருவில் நின்ற தமிழகமும் பாதுகாப்பு நிதிக்கு வாரி வழங்கியது. மொழியுரிமை கேட்பது நாட்டுக்குப் பகையாவதன்று என்பதற்கு அவ்வாண்டு தமிழ் மக்கள் அளித்த விடை அது.

கையொப்பத்தின் மறுபக்கம்

புகழ்மாலை மட்டுமே சூட்டுதல் தலைவருக்கும் வரலாற்றுக்கும் செய்யும் நீதியாகாது. 1964 அக்டோபர் 30ஆம் நாள், இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயகாவுடன் சாஸ்திரி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்ற மலையகத் தமிழர் 9,75,000 பேரில், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பிற்பாடு முடிவு செய்யப்படும் என ஒதுக்கப்பட்டது.

தேயிலைச் செடிகளின் நடுவே தலைமுறை தலைமுறையாய் உழைத்த மக்கள் எண்களாக மாறினர். எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை என்பது அன்று முதல் எழுந்த குற்றச்சாட்டு. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய பலருக்கு, தாயகம் என்று சொல்லப்பட்ட மண் அயலூராய் இருந்தது. நீலகிரியில் அவர்களுக்கெனத் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு முழுமையான குடியுரிமைச் சட்டம் வர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அண்டை நாட்டோடு நல்லுறவு நாடியே சாஸ்திரி கையெழுத்திட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்லெண்ணமும் பிழை செய்யும். தமிழகத்தின் மாணவர்களுக்குத் தெரு இருந்தது, செய்தித்தாள் இருந்தது, வாக்கு இருந்தது; நடுவண் அமைச்சரவையில் பதவி விலகத் துணிந்த இருவரும் இருந்தனர். அவர்கள் குரலைத் தில்லி காலந்தாழ்ந்தேனும் கேட்டது. தேயிலை பறித்த பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவள் குரல் கேட்கப்படவே இல்லை. உழவனை வாழ்த்திய தலைவரின் செவியில் தோட்டத் தொழிலாளியின் குரல் விழாமற் போனது அவர் வாழ்வின் ஆறாத வடு.

தாஷ்கண்டின் இரவு

சோவியத் தலைமை அமைச்சர் கோசிகின் அழைப்பில், 1966 சனவரி 4ஆம் நாள் தாஷ்கண்டில் பேச்சு தொடங்கியது. சனவரி 10ஆம் நாள் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப்கானும் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். இரு படைகளும் 1965 ஆகஸ்டு 5ஆம் நாளுக்கு முன்பிருந்த இடங்களுக்குத் திரும்ப இசைந்தன. வீரர்கள் குருதி சிந்தி வென்ற ஹாஜி பீர் கணவாயும் திரும்பச் சென்றது. அதனை ஏற்க இயலாமல் மகாவீர் தியாகி நடுவண் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். வென்ற நிலத்தைக் கொடுத்து அமைதியை வாங்கியது சரியா என்னும் வழக்கு இன்றும் முடியவில்லை.

கையொப்பமிட்ட சில மணி நேரத்தில், சனவரி 11ஆம் நாளின் முன்னிரவு கடந்த வேளையில், நெஞ்சு வலியால் சாஸ்திரி உயிர் துறந்தார். முன்னரே இருமுறை இதய நோய்க்கு ஆளானவர் அவர். ஆயினும் உடற்கூறு ஆய்வு நிகழாமையால், குடும்பத்தார் உள்ளிட்ட பலரின் ஐயம் தீராமலே நிற்கிறது. அவர் உடலைத் தாங்கிய பேழை தாயகம் புறப்பட்டபோது, அதைத் தோளில் சுமந்தவர்களுள் கோசிகினும் அயூப்கானும் இருந்தனர். நான்கு திங்களுக்கு முன் எதிர்க்களத்தில் நின்றவர், பகைவனின் பாடைக்குத் தோள் கொடுத்த காட்சி அது. புறத்திணைக்கு உரை எழுதுவோர் இதற்கு எத்துறை வகுப்பரோ!

பத்தொன்பது திங்கள் நாடாண்டவர் விட்டுச் சென்ற சொத்துகளுள் ஒன்று, வங்கியில் 5,000 ரூபாய் கடன் பெற்று வாங்கிய ஒரு பியட் மகிழுந்து. அக்கடனின் எஞ்சிய தொகையை லலிதா தேவி தம் ஓய்வூதியத்திலிருந்து செலுத்தித் தீர்த்தார். 1966இல் நாடு அவருக்குப் பாரத ரத்னா விருதளித்தது. மறைவுக்குப் பின் அவ்விருது பெற்றோருள் முதல்வர் அவரே.

கவிஞர்க்கு ஒரு சொல்

சாஸ்திரி எழுதி வைத்துச் சென்ற நூல்கள் மிகுதியில்லை. அவர் விட்டுச் சென்றது சொல்லுக்கும் வாழ்வுக்கும் இடைவெளி குறைந்த ஒரு வாழ்க்கை. பதவியின் பொறுப்பை அரியலூரில் அவர் காட்டினார். தம் சட்டத்தைத் திருத்திப் பொருள் உரைக்கும் பணிவை 1965 பிப்ரவரியில் காட்டினார். படையின் வெற்றி வயலில் தொடங்குகிறது என்பதை அவ்வாண்டின் இறுதியில் காட்டினார். கேளாத குரல் ஒன்று எத்தனை தலைமுறைகளைச் சுடும் என்பதையும், தாம் அறியாமலே, மலையகத்தின் வாயிலாகக் காட்டிச் சென்றார்.

வெள்ளைக்குடி நாகனார் அரசனின் அவைக்குச் சென்றது தமக்குப் பரிசில் வேண்டியன்று. ஏர் பிடித்தோரின் சுமை இறக்கும்பொருட்டு. 1964இல் மலையகத் தமிழரின் பொருட்டுத் தில்லியின் செவியை எட்டும்படி அவ்வாறு பாடியோர் எத்தனை பேர்? தலைவர்களின் செவி எட்டாத இடங்களில் வாழும் மனிதரின் குரலைக் கொண்டு சேர்ப்பதே செவியறிவுறூஉ. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள் தொடுத்த பாடல்களுள் அத்துறைக்கு உரியவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதும், அடுத்த பத்தாண்டில் அவற்றைப் பெருக்குவதும் சாஸ்திரிக்குச் செலுத்தும் தக்க நினைவு வழிபாடாகும்.